பாறை ஏறும் வண்டிக்கு டீசலா, பெட்ரோலா? கணக்கு கியரில் தொடங்குகிறது

பாறை ஏறுவதற்கென்றே ஒரு வண்டியைக் கட்டத் தொடங்குபவர் முதலில் கேட்பது இன்ஜினைப் பற்றித்தான். உடனே கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: டீசல் போடுங்கள், இழுவை அதிகம். அந்தப் பதிலில் பொய் இல்லை. ஆனால் பாறையில் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு வேண்டிய இழுவையில் பெரும்பங்கு இன்ஜினிலிருந்து வருவதில்லை, கியரிலிருந்து வருகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் டீசலா பெட்ரோலா என்ற கேள்வியின் திசையே மாறிவிடும். இழுவை பின்னால் போய், எடையும் சாய்வும் சக்கர வேகமும் பழுது பார்க்கும் வசதியும் முன்னால் வந்து நிற்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறைக்காக மட்டுமே கட்டும் வண்டி என்றால் பெட்ரோல். நெடுந்தூரம் ஓட்டிப்போய், சுமையோடு, ஆளரவமில்லாத இடங்களில் பல நாள் திரிய வேண்டிய வண்டி என்றால் டீசல். ஏன் இப்படிப் பிரிக்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இழுவைக் கணக்கு

ஒரே வண்டியில் இரண்டு இன்ஜின்களும் வந்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும். ஜீப் ராங்லர் ரூபிகான் அதற்கு வாய்த்த நல்ல உதாரணம். அமெரிக்கச் சந்தையில் சில ஆண்டுகள் 3.6 லிட்டர் பெட்ரோல் வி6 இன்ஜினும் 3.0 லிட்டர் டர்போ டீசல் வி6 இன்ஜினும் ஒரே வண்டியில் கிடைத்தன. பெட்ரோலின் உச்ச முறுக்குவிசை, அதாவது இன்ஜின் சுழற்றும் வலு, 353 நியூட்டன் மீட்டர், அதுவும் 4800 ஆர்பிஎம்மில். டீசலுக்கு 599 நியூட்டன் மீட்டர், வெறும் 1400 ஆர்பிஎம்மில். இந்த இரண்டு எண்களைப் பார்த்தவுடன் முடிவெடுத்துவிடத் தோன்றும். சற்றுப் பொறுக்க வேண்டும்.

முதல் கியரின் விகிதம், கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருந்து இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ விகிதம், ஆக்ஸிலின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைப்பதுதான் கிரால் ரேஷியோ. இன்ஜின் தரும் முறுக்குவிசை சக்கரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் எத்தனை மடங்காகிறது என்பதை அது சொல்கிறது. பெட்ரோல் ரூபிகானில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு, 4.71 பெருக்கல் 4 பெருக்கல் 4.10, அதாவது ஏறக்குறைய 77. டீசலுக்கு ஆக்ஸில் விகிதத்தை 3.73 என்று வைத்தார்கள், ஆகவே 70.

இப்போது எதிர்ப்பக்கத்திலிருந்து பார்ப்போம். ஆட்களும் சாமானும் சேர்ந்து 2300 கிலோ எடையுள்ள வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பாறையில் டயரின் பிடிமானம் வண்டியின் எடையில் தொண்ணூறு சதவீதம் என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். 33 அங்குல டயரின் ஆரம் சுமார் 0.42 மீட்டர். நான்கு சக்கரங்களும் பிடியை விட்டு வழுக்கத் தொடங்குவதற்கு, நான்குக்கும் சேர்த்து ஏறத்தாழ 8500 நியூட்டன் மீட்டர் போதும். அதற்கு மேல் எவ்வளவு கொடுத்தாலும் டயர் ரப்பர்தான் தேயும், வண்டி நகராது. இந்த 8500-ஐக் கிரால் ரேஷியோவால் வகுத்து, வழியில் பற்சக்கரங்களில் வீணாகும் இருபது சதவீதத்தையும் சேர்த்தால், பெட்ரோல் இன்ஜின் தர வேண்டியது சுமார் 140 நியூட்டன் மீட்டர். டீசல் தர வேண்டியது சுமார் 150.

எதிரெதிரே வைத்துப் பாருங்கள். டயர் தாங்கக்கூடிய எல்லையை எட்டவே பெட்ரோல் இன்ஜினுக்குத் தன் உச்சத்தில் நாற்பது சதவீதம் போதும். டீசலுக்குக் கால் பங்கு போதும். இரண்டுமே எல்லையைத் தாண்டி நிற்கின்றன. மிச்சமிருக்கும் டீசல் இழுவை காகிதத்தில் இருக்கிறது. பாறைக்கும் டயருக்கும் நடுவே அதற்கு வேலை இல்லை.

அப்படியானால் டீசலுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது? கியர் குறைவாக இருந்த வண்டிகளால் வந்தது. முதல் கியர் 4, டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.5, ஆக்ஸில் 3.9 என்றிருக்கும் ஒரு சாதாரண நான்கு சக்கர இயக்க வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கிரால் ரேஷியோ 39தான். அதே பாறைக்கு இன்ஜின் 270 நியூட்டன் மீட்டருக்கு மேல் தர வேண்டும், அதையும் ஆயிரம் ஆர்பிஎம் அருகில் தர வேண்டும். இரண்டு லிட்டர் பெட்ரோல் இன்ஜின் அங்கே திணறி நின்றுவிடும். கிளட்சை அரைபிடியில் வைத்து, ஆக்ஸிலரேட்டரை மிதித்து, வண்டியைத் துள்ளவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கும். பெரிய டீசல் இன்ஜினோ முனகிக்கொண்டே ஏறிவிடும். கியர் செய்ய வேண்டிய வேலையை இன்ஜின் செய்தது. பெயர் இன்ஜினுக்குப் போயிற்று.

இதன் மறுபக்கத்தைக் காட்ட டொயோட்டாவின் பழைய 22ஆர்இ இன்ஜின் ஒன்றே போதும். 2.4 லிட்டர், நான்கு சிலிண்டர், சுமார் 190 நியூட்டன் மீட்டர். எந்த அளவுகோலிலும் பலசாலி இல்லை. அந்த பிக்கப் வண்டியின் டிரான்ஸ்ஃபர் கேஸ் விகிதம் 2.28. ஒரே டிரான்ஸ்ஃபர் கேஸோடு கிரால் ரேஷியோ 37 அருகில் நிற்கும். பாறை ஏறுபவர்கள் அதன் முன்னால் இன்னொரு டிரான்ஸ்ஃபர் கேஸின் குறைப்புப் பகுதியைப் பூட்டினார்கள். 37 ஒரேயடியாக 84 ஆகிவிட்டது. அந்தச் சின்ன பெட்ரோல் இன்ஜினோடு உலகின் கடினமான பாறைத் தடங்களில் எல்லாம் ஏறிவிட்டார்கள். இன்ஜினை மாற்ற ஒதுக்கிய பணத்தை முதலில் கியரில் போடுங்கள் என்று யார் கேட்டாலும் நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

டீசலின் உண்மையான அழகு

உச்ச முறுக்குவிசையைக் கழித்துவிட்டாலும் டீசலிடம் ஒரு குணம் மிஞ்சுகிறது. அதை ஓட்டிப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பழைய மெக்கானிக்கல் டீசல் இன்ஜினின் பம்புக்குள், இன்ஜின் வேகத்தைக் காக்கும் கவர்னர் இருக்கிறது. ஐடிலிங்கில் வண்டி ஊர்ந்து போகிறது, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். முன் சக்கரம் முழங்கால் உயரப் பாறை ஒன்றில் போய் முட்டுகிறது. சுமை கூடியதும் இன்ஜின் ஒரு கணம் தளர்கிறது. கவர்னரின் எடைக்கட்டிகள் உள்ளே சுருங்க, எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கை ஸ்பிரிங் தள்ள, சிலிண்டருக்குள் டீசல் கூடுதலாகப் போகிறது. ஓசை மட்டும் கனக்கிறது. வேகம் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. டயரின் பக்கச்சுவர் மடிந்து பாறையின் விளிம்பைக் கவ்வுகிறது, முன்பக்கம் மெல்ல எழுகிறது, வண்டி மேலே வந்துவிடுகிறது. ஓட்டுநர் செய்தது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது மட்டும்தான். கனமான ஃப்ளைவீலும் இதற்குத் துணை நிற்கிறது. நின்றுவிடப் பார்க்கும் இன்ஜினைச் சுழலவிட்டு அடுத்த எரிதல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

பெட்ரோல் இன்ஜினில் இதை நெடுங்காலம் எதிர்பார்க்க முடியவில்லை. கார்புரேட்டர் வண்டியில் காலும் கிளட்சும் இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினுக்குள் போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் மின்னணுமயமான பிறகு நிலைமை மாறிவிட்டது. இன்றைய கணினி ஐடிலிங் வேகத்தைக் காப்பாற்றத் தானாகவே த்ராட்டிலைத் திறக்கிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில், கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இழுவையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும் சேர்ந்துகொள்வதால் இடைவெளி இன்னும் குறைந்துவிட்டது. ஆனாலும் டீசலின் அந்த நிதானம் கொஞ்சம் உசத்திதான். மேனுவல் கியர் ஓட்டியே தீருவேன் என்பவருக்கு இது பெரிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் குணம் எல்லா டீசலுக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. டொயோட்டா 1எச்இசட் போன்ற 4.2 லிட்டர், டர்போ இல்லாத, ஆறு சிலிண்டர் இன்ஜினில் கால் வைத்த அளவுக்குச் சீராக இழுவை வரும். சிறிய டர்போ டீசலில் அப்படி இல்லை. அதன் பெருமையெல்லாம் டர்போ சுழலத் தொடங்கிய பிறகுதான். ஊர்ந்து போகும்போது நீங்கள் இருப்பதோ 700, 800 ஆர்பிஎம்மில். அங்கே அது டர்போ இல்லாத ஒரு சின்ன டீசல் இன்ஜின் மட்டுமே. மிதித்தால் முதலில் ஒன்றும் நடக்காது, பிறகு ஒரேயடியாக வரும். பாறை விளிம்பில் நிற்கும் வண்டிக்கு அந்தத் திடீர் வரவு நல்லதல்ல. ஆக்ஸில் ஷாஃப்ட் உடைவது பெரும்பாலும் இப்படிப்பட்ட கணத்தில்தான். விளம்பரத்தாளில் உச்ச முறுக்குவிசை எத்தனை என்பதைவிட, ஆயிரம் ஆர்பிஎம்முக்குக் கீழே வரைபடம் எப்படி இருக்கிறது என்பதைப் பாருங்கள்.

எடை

டீசல் இன்ஜினில் காற்றை அழுத்தியே எரியவைக்க வேண்டும். அழுத்த விகிதம் பெட்ரோலில் பொதுவாக 9 முதல் 11 வரை. டீசலில் 16 முதல் 22 வரை. அந்த அழுத்தத்தைத் தாங்க பிளாக், கிராங்க் ஷாஃப்ட், பிஸ்டன் எல்லாமே தடிமனாக வேண்டும். பாறை வண்டிகளில் பெயர்பெற்ற கம்மின்ஸ் 4பிடி, 3.9 லிட்டர், நான்கு சிலிண்டர்தான். எடை சுமார் 340 கிலோ. ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் குடும்பத்து 5.3 லிட்டர் வி8, இரும்பு பிளாக்கோடே சுமார் 240 கிலோவில் நின்றுவிடும். அலுமினிய பிளாக் என்றால் இன்னும் குறைவு. எட்டு சிலிண்டர் பெட்ரோலைவிட நான்கு சிலிண்டர் டீசல் நூறு கிலோ கூடுதல்.

முன்பக்கம் கனமாக இருப்பது ஏறும்போது நல்லதுதானே என்று சிலர் கேட்பார்கள். சரியான கேள்வி. செங்குத்தாக ஏறும்போது எடை முழுவதும் பின்னால் சாய்வதால், முன் சக்கரங்கள் பிடியிழந்து தூக்கிக்கொள்ளும். அதனால் முன்பக்க எடையைப் பாறை ஏறுபவர்கள் விரும்பித்தான் சேர்க்கிறார்கள். எங்கே சேர்க்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முன் டயர்களுக்குள் தண்ணீர் நிரப்புகிறார்கள். அந்த எடை தரையை ஒட்டி, வண்டியின் மிகத் தாழ்ந்த இடத்தில் உட்காருகிறது. டீசல் இன்ஜினின் எடையோ ஸ்பிரிங்குகளுக்கு மேலே, உயரத்தில் உட்காருகிறது. வரிசை சிலிண்டர் டீசல்கள் பெரும்பாலும் நெட்டையானவை. பக்கவாட்டுச் சாய்வில் வண்டியைக் கவிழ்ப்பது இந்த உயரமான எடைதான். பாறைத் தடத்தில் ஏறும் சரிவைவிடப் பக்கச் சாய்வுதான் ஆபத்தானது என்பதால், இந்த நூறு கிலோவை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எடை அதோடு நின்றுவிடுவதும் இல்லை. கனமான இன்ஜினுக்குக் கனமான ஸ்பிரிங், தடித்த ஆக்ஸில், பெரிய பிரேக் என்று ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். 4பிடியின் அதிர்வும் பெயர்போனது; இன்ஜினைத் தாங்கும் மவுண்டுகளையும் பிராக்கெட்டுகளையும் அதற்கென்றே வலுவாகச் செய்ய வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணித்தான் கம்மின்ஸே பிறகு 2.8 லிட்டர் ஆர்2.8 இன்ஜினை, இன்ஜின் மாற்றுபவர்களுக்கென்று தனியாக விற்றது. டீசல்தான் வேண்டும், வண்டியும் சிறியது என்றால் அந்த வகைதான் பொருத்தம். சுசுகி சாமுராய் போன்ற குட்டி வண்டிகளில் ஃபோக்ஸ்வாகன் 1.9 லிட்டர் டீசலைப் பூட்டுவதும் இதே காரணத்தால்தான். அங்கே எடை அதிகம் கூடாமலே டீசலின் நிதானம் கிடைக்கிறது.

சக்கர வேகம்

ஊர்ந்து போவதுதான் வேலை என்றாலும், தடத்தில் இரண்டொரு இடங்களில் சக்கரம் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும். டயரின் பள்ளங்களில் சேறு அப்பிக்கொண்டால் அதை உதறித் தள்ள வேண்டும். நேர்ச்சுவர் போன்ற படியில் ஊர்ந்து ஏற முடியாதபோது, ஒரு உந்துதலில்தான் தாண்ட வேண்டும்.

கிரால் ரேஷியோ 77, டயர் 33 அங்குலம் என்றால், 800 ஆர்பிஎம்மில் வண்டி மணிக்கு 1.6 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். நடப்பவரைவிட மெதுவாக, அது வேண்டியதுதான். இப்போது அதே கியரில் உச்சத்துக்குப் போவோம். 4பிடி போன்ற டீசல் 2500 ஆர்பிஎம் அருகில் ஓய்ந்துவிடும். சக்கர வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர். பெட்ரோல் 6000 வரை போகும், 12 கிலோமீட்டர். கியரை மாற்றாமலேயே ஊர்தலிலிருந்து பாய்ச்சல் வரை ஒரே கியரில் போக முடிவது பெட்ரோலின் பெரிய பலம். படியின் நடுவே கியர் மாற்றினால் இருந்த உந்துதலும் போய்விடும்.

கலிபோர்னியாவின் ஜான்சன் வேலியில் 2007 முதல் நடந்துவரும் கிங் ஆஃப் தி ஹேமர்ஸ் பந்தயத்தில் பாறை ஏற்றத்தோடு பாலைவன ஓட்டமும் சேர்ந்திருக்கிறது. அங்கே முன்னணியில் வரும் வண்டிகளில் பெட்ரோல் வி8 இன்ஜின்களே ஆட்சி செய்கின்றன. பந்தயம் ஓடப்போவதில்லை என்றாலும் அந்தத் தேர்வுக்குப் பின்னால் இருக்கும் காரணம் நமக்கும் பொருந்தும்: எடை குறைவு, ஆர்பிஎம் வீச்சு அகலம்.

வண்டி சாயும்போது, உருளும்போது

இந்தப் பகுதியைத்தான் எல்லாரும் அவசரமாகத் தாண்டிப் போகிறார்கள். பாறை ஏறும் வண்டி ஒரு நாள் கவிழும். அதைக் கணக்கில் வைத்தே இன்ஜினைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜின் ஓட ஸ்பார்க் வேண்டும். சாவியைத் திருப்பினால் ஸ்பார்க் நின்றுவிடும், இன்ஜினும் நின்றுவிடும். டீசலுக்கு எரிபொருளும் காற்றும் இருந்தால் போதும். வண்டி பக்கவாட்டில் கிடக்கும்போது கிராங்க் கேஸில் இருக்கும் ஆயில், அதன் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் வழியாகவோ டர்போ வழியாகவோ காற்று வரும் பாதைக்குள் போய்விட்டால், அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் ஓடத் தொடங்கும். சாவியைப் பிடுங்கினாலும் நிற்காது. ஆர்பிஎம் ஏறிக்கொண்டே போகும், இன்ஜின் சிதறும் வரை. அதை நிறுத்த நம்பகமான வழி காற்றை அடைப்பதுதான். ஆகவே பாறைக்குப் போகும் டீசல் வண்டியில், இன்டேக் குழாயில் கையெட்டும் தூரத்திலிருந்து மூடக்கூடிய ஒரு ஏர் ஷட்-ஆஃப் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். இது இல்லாமல் டீசல் வண்டியைப் பாறையில் ஏற்றவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

நிமிர்த்திய பிறகும் கவனம் வேண்டும். கவிழ்ந்து கிடந்த நேரத்தில் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கும். ஆயிலை அழுத்த முடியாது; ஸ்டார்ட்டரைத் திருப்பினால் பிஸ்டன் அதில் மோதிக் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். டீசலில் பிஸ்டன் மேலே வரும்போது மிஞ்சும் இடம் மிகக் குறுகலானது என்பதால், கொஞ்சம் ஆயிலே பெரும் சேதம் செய்துவிடும். பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றவிட்டு, ஆயிலை வெளியே துப்பவைத்து, திரும்ப மாட்டிவிட்டுப் போய்விடலாம். டீசலில், ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கையோ எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரையோ கழற்ற வேண்டும். பல இன்ஜின்களில் அவை துருவேறி இறுகிக் கிடக்கும். எந்த இன்ஜினாக இருந்தாலும், கவிழ்ந்த வண்டியைப் பிளக் கழற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

தீயைப் பொறுத்தவரை டீசல்தான் பாதுகாப்பு, அதில் மறுபேச்சில்லை. டீசலின் ஆவி தீப்பற்ற ஐம்பது டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடேற வேண்டும். பெட்ரோலின் ஆவி மைனஸ் நாற்பது டிகிரி உறைகுளிரிலேயே பற்றிக்கொள்ளும். கவிழ்ந்த வண்டியில் எரிபொருள் ஒழுகிச் சூடான எக்ஸாஸ்ட்டில் விழும் காட்சியை நினைத்துப் பார்த்தால், பெட்ரோல் வண்டிக்கு, கவிழ்ந்தால் தானாக மூடிக்கொள்ளும் ரோல்-ஓவர் வால்வு வைத்த டேங்க், நல்ல ஃபியூயல் லைன், கைக்கெட்டும் தீயணைப்பான் மூன்றும் ஏன் அவசியம் என்பது விளங்கும்.

சாய்வில் இன்னொரு சங்கடம் உண்டு. டேங்கில் எரிபொருள் குறைவாக இருந்து வண்டி செங்குத்தாக நிற்கும்போது, உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுத்துவிடும். பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை இரண்டு முறை போட்டு எடுத்தால் பம்ப் மறுபடி அழுத்தத்தைக் கட்டிவிடும். பழைய டீசலில் ஏர் லாக் ஆகிவிடும். ஃபீட் பம்பின் பிடியைக் கையால் அடித்து, நட்டைத் தளர்த்தி, நுரை போய்ச் சுத்தமான டீசல் வரும் வரை காத்திருக்க வேண்டும். சமதரையில் இது சாதாரண வேலை. பாறையின் மேல் தொங்கிக்கொண்டு நிற்கும்போது அப்படி இல்லை.

இறக்கம், ஓசை, எரிபொருள்

அழுத்தம் அதிகம் என்பதால் டீசலில் இன்ஜின் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அழுத்தப்பட்ட காற்று ஸ்பிரிங் போல பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடுகிறது. அதில் பிடித்து நிறுத்தும் சக்தி அதிகம் இல்லை. பெட்ரோல் இன்ஜினில் மூடிய த்ராட்டில் உண்டாக்கும் வெற்றிடத்தை எதிர்த்துப் பிஸ்டன் இழுக்க வேண்டியிருப்பதால் அதுவும் நன்றாகவே பிடிக்கிறது. எழுபதுக்கு மேல் கிரால் ரேஷியோ இருந்தால் இரண்டுமே செங்குத்துச் சரிவில் வண்டியைத் தாங்கும். இதற்காக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஓசையைப் பற்றி யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு அது முக்கியம். முன்னால் நின்று வழிகாட்டுபவரின் குரலும், வண்டியின் அடிப்பாகம் பாறையில் உரசும் சத்தமும், டயர் நழுவத் தொடங்கும் முதல் கிறீச்சும் காதில் விழ வேண்டும். ஐடிலிங்கில் அமைதியாக இருக்கும் பெட்ரோல் வண்டியில் இவையெல்லாம் கேட்கும். 4பிடியின் தடதடப்பில் கேட்காது. கைச்சைகையை மட்டும் நம்பி ஓட்டப் பழகிக்கொள்ள வேண்டும்.

எரிபொருளில் டீசல் தெளிவாக முன்னிலை வகிக்கிறது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். அதைவிட முக்கியம், த்ராட்டில் இல்லாததால் ஐடிலிங்கிலும் குறைந்த சுமையிலும் டீசல் மிகச் சிக்கனமாக ஓடும். பாறைத் தடத்தில் நாள் முழுவதும் அந்த நிலையில்தான் இன்ஜின் இருக்கிறது. மூன்று நான்கு நாள் பயணத்தில் கேன்களில் சுமந்துபோகும் எரிபொருளின் எடையும் இதனால் குறையும். கோடை வெயிலில் மெதுவாக ஊரும்போது பெட்ரோல் டேங்கிலும் குழாயிலும் சூடேறி ஆவியாகி இன்ஜின் முரண்டுபிடிப்பதும் உண்டு. டீசலுக்கு அந்தத் தொல்லை இல்லை. உயர்ந்த மலைகளில் டர்போ இல்லாத இன்ஜின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீத சக்தியை இழக்கும். டர்போ டீசல் அதைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். கடுங்குளிரில் மட்டும் டீசலின் மெழுகு உறைந்து ஃபில்டரை அடைக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

எந்த டீசல்?

டீசல் என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே இரண்டு உலகங்கள் இருக்கின்றன. மெர்சிடிஸின் ஓஎம்617 போன்ற மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின், ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் மின்சாரமே இல்லாமல் ஓடும். நீரோடையில் மூழ்கினாலும், காற்று போகும் வாய் தண்ணீருக்கு மேலே இருக்கும் வரை கவலையில்லை. கம்மின்ஸில் போஷ் விஇ பம்ப் உள்ளவற்றுக்கு எரிபொருளைத் திறந்துவைக்கும் சொலினாய்டுக்கு மட்டும் ஒரு ஒயர் வேண்டும்.

கணினி கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் டீசல் அப்படி இல்லை. 1600 பாருக்கு மேல் அழுத்தத்தில் இயங்கும் அதன் இன்ஜெக்டர்களைக் கொஞ்சம் தண்ணீரோ தூசியோ கெடுத்துவிடும். பெட்ரோல் இன்ஜெக்ஷனில், எல்எஸ் இன்ஜினை எடுத்துக்கொண்டால், அழுத்தம் வெறும் 4 பார். கேனில் வாங்கிய எரிபொருளை நம்பி இருக்கும் இடத்தில் இந்த வேறுபாடு பெரிது.

புதிய டீசலில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் இன்னொரு தலைவலி. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள எக்ஸாஸ்ட் நன்றாகச் சூடேற வேண்டும். நெடுஞ்சாலையில் அது தானாக நடக்கும். நாள் முழுவதும் ஊர்ந்துகொண்டிருந்தால் சூடேறாது, கரி சேரும், ஒரு கட்டத்தில் இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். நிறுத்திவைத்துச் சுத்தம் செய்யவைத்தால் எக்ஸாஸ்ட் 600 டிகிரி வரை போகும். கீழே காய்ந்த புல் இருந்தால் தீப்பிடிக்கும். டிபிஎஃப்பைக் கழற்றி எறிந்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பல நாடுகளில் அது சட்டவிரோதம். அந்தக் கரி போய்ச்சேர்வது வழிகாட்டி நிற்பவரின் மூச்சுக்குழாயில்தான். வேண்டாம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது

வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுபோய், பகல் முழுவதும் பாறையில் ஓட்டி, மாலையில் திரும்புபவர் என்றால் பெட்ரோல் இன்ஜினைத் தேர்ந்தெடுங்கள். சிறிய வண்டிக்கு ஏற்கனவே இருக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினே போதும். டிரான்ஸ்ஃபர் கேஸை மாற்றிக் கிரால் ரேஷியோவை எண்பதுக்குக் கொண்டுபோங்கள். பெரிய டயரும் கனமான ஆக்ஸிலும் போட்ட வண்டிக்கு ஜெனரல் மோட்டார்ஸின் 4.3 லிட்டர் வி6 அல்லது 5.3 லிட்டர் வி8. உதிரிபாகம் ஏராளம், வழிமுறை எல்லாருக்கும் தெரியும்.

வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டுபோய், கூடாரமும் தண்ணீரும் சாப்பாடும் ஏற்றி, எரிபொருள் கிடைக்காத இடத்தில் நாட்கணக்கில் இருப்பவர் டீசலுக்குப் போகலாம். பாறை அந்தப் பயணத்தின் ஒரு பகுதி மட்டும்தான். மிச்ச வழி முழுவதும் டீசல் தன் பங்கைத் திருப்பித் தரும். இன்ஜின் பழைய மெக்கானிக்கல் வகையாகவும் வண்டியின் அளவுக்கு ஏற்ற எடையாகவும் இருக்கட்டும்.

கையில் ஏற்கனவே டீசல் வண்டி இருக்கிறது, பாறை ஆசையும் வந்துவிட்டது என்றால் இன்ஜினை மாற்ற வேண்டாம். டிரான்ஸ்ஃபர் கேஸின் கியரை ஆழமாக்குங்கள். முன், பின் இரண்டு டிஃபரன்ஷியலுக்கும், இரு பக்கச் சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் லாக்கர் போடுங்கள். டீசலின் குறைந்த ஆர்பிஎம் உச்சத்தை மனதில் வைத்து, ஆக்ஸில் விகிதத்தைப் பெட்ரோல்காரர் போடும் அளவுக்கு ஆழமாக்காமல் சற்று முன்னதாகவே நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லையென்றால் சாலையில் மணிக்கு எண்பது கிலோமீட்டரிலேயே இன்ஜின் கத்தத் தொடங்கிவிடும். பிரீதர் குழாயை உயரமாகக் கொண்டுபோய் ஆயில் பிரிக்கும் டப்பாவோடு இணையுங்கள். இன்டேக்கில் ஏர் ஷட்-ஆஃப் வால்வைப் பொருத்தி, அதன் பிடி சீட் பெல்ட் போட்ட நிலையில் கைக்கு எட்டுகிறதா என்று உட்கார்ந்து பாருங்கள். அதன் பிறகு பாறைக்குப் போங்கள்.